பிரஷர் உள்ள கர்ப்பிணிக்கு எந்த மாத்திரை, எந்த நேரத்தில்

கேள்வி இதுதான். தங்கச்சிக்கு முதல் பிரசவம், 24 வாரம். கோயம்புத்தூரிலிருந்து கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் பிரஷர் 148/96. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. பிரஷரை இறக்கும் மெத்தில்டோபா மாத்திரை 250 மில்லிகிராம் மூன்று வேளை எழுதியிருக்கிறார்கள். அதோடு அரசு ஆஸ்பத்திரியின் சிவப்புச் சத்து மாத்திரை (இரும்பு மாத்திரை), கால்சியம், கோவை டாக்டர் கொடுத்த மல்டிவைட்டமின் கேப்சூல், வாரம் ஒரு வைட்டமின் டி பொட்டலம். இவ்வளவுக்கும் மேல் வைட்டமின் சி, வைட்டமின் ஈ இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் பிரஷர் இறங்கும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? இத்தனை மாத்திரையையும் எந்த வரிசையில் கொடுப்பது?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. இந்தப் பட்டியலில் இருக்கிற சிவப்பு மாத்திரையும் மெத்தில்டோபாவும் ஒன்றோடொன்று மோதுபவை. நேரம் பிரித்துக் கொடுக்காவிட்டால், புதிதாக எந்த வைட்டமின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிரஷர் இறங்காமல் நிற்கும்.

வைட்டமின் சி, ஈ பற்றிய நம்பிக்கை சும்மா வந்ததல்ல. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடி (சுருக்கமாக நஞ்சு, தாயிடமிருந்து குழந்தைக்குச் சத்தை வாங்கித் தரும் உறுப்பு) கருப்பையின் ரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவி அவற்றை அகலப்படுத்த வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. குழாய் குறுகலாகவே நிற்க, ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. பிரஷர் ஏறுவதும், சிறுநீரில் புரதம் இறங்குவதும், கை கால் முகம் வீங்குவதும் அதனால்தான். இந்தப் புண்ணாக்கும் வேலையில் ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு. அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சி, ஈ வைட்டமின்கள் உதவுமே என்று நினைத்தார்கள். 1999இல் இங்கிலாந்தில் 283 பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வும் அப்படித்தான் காட்டியது.

பெரிய ஆய்வுகள் வந்ததும் அது கலைந்தது. 2006இல், ஆபத்து கூடுதலாக இருந்த சுமார் 2400 பெண்களுக்கு தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது பிரஷரோடு சிறுநீரில் புரதமோ உறுப்புப் பாதிப்போ சேர்ந்து வரும் நிலை, குறையவே இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகள் வைட்டமின் சாப்பிட்டவர்களிடம் 28 சதவீதம், சாப்பிடாதவர்களிடம் 24 சதவீதம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் முதல் பிரசவக்காரர்களிடம் நடந்த ஆய்விலும் பலன் இல்லை. வைட்டமின் சாப்பிட்டவர்கள்தான் பிரஷருக்காகக் கூடுதலாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2010இல் அமெரிக்காவில் பத்தாயிரம் பெண்களிடம் பார்த்தபோதும் அதே முடிவு. ப்ரீஎக்ளாம்ப்சியாவைத் தடுப்பதற்காக இந்த இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே சொல்லிவிட்டது. தோலுக்கும் முடிக்கும் நல்லது என்று கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூலும், ஆரஞ்சு ருசியில் சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் இந்தக் கணக்கில்தான் வரும். மல்டிவைட்டமினில் 40, 50 மில்லிகிராம் சி இருந்தால் பரவாயில்லை. நெல்லிக்காய், கொய்யா தாராளமாகச் சாப்பிடட்டும். பெரிய அளவில் சி சாப்பிடுபவருக்குச் சிறுநீரில் குச்சி நனைத்துப் பார்க்கும்போது சர்க்கரையும் ரத்தமும் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கால்சியம். சத்து மாத்திரைகளில் இந்த நோயைத் தடுக்க உதவும் என்று நிலைத்து நிற்பது இது ஒன்றுதான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனும் ரெனினும் (உடம்பின் கால்சியத்தையும் பிரஷரையும் கட்டுப்படுத்தும் பொருட்கள்) ஏறும். ரத்தக் குழாயின் தசை செல்லுக்குள் கால்சியம் போய்ச் சேர்ந்து குழாய் இறுகும். மாத்திரை கொடுத்தால் அந்த இறுக்கம் தளரும் என்பதே கணக்கு. பால், தயிர் அதிகம் சேராத நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் பலன் உண்டு. ஆனால் இது தடுப்பு. ஏறிவிட்ட பிரஷரை இறக்கும் மருந்து இல்லை. தங்கச்சிக்குக் கால்சியத்தை நிறுத்தவும் வேண்டாம், அதை நம்பி மெத்தில்டோபாவைக் குறைக்கவும் வேண்டாம்.

அளவில்தான் டாக்டருக்கு டாக்டர் மாறும். உணவில் கால்சியம் குறைந்த நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்னது தினம் 1.5 முதல் 2 கிராம். நம் அரசுத் திட்டத்தில் 14ஆவது வாரத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் வைட்டமின் டி3. 2024இல் வெளியான ஓர் ஆய்வில் பெங்களூரில் 11,000 முதல் பிரசவப் பெண்களையும் தான்சானியாவில் அதே அளவு பெண்களையும் எடுத்துக்கொண்டு, தினம் 500 போதுமா 1500 வேண்டுமா என்று பார்த்தார்கள். இந்தியாவில் 500 சாப்பிட்டவர்களில் 3.0 சதவீதம், 1500 சாப்பிட்டவர்களில் 3.6 சதவீதம் பேருக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தது. அதாவது கூட்டிக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. ஆகவே அரசு கொடுக்கும் இரண்டு மாத்திரை போதுமா என்று பயப்பட வேண்டியதில்லை. டாக்டர் மூன்று எழுதியிருந்தால் மூன்று. யாருக்காவது முன்பு சிறுநீரகக் கல் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம்தான். இரண்டு எண்ணும் ஒரே மாத்திரையைத்தான் சொல்கின்றன. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் 500க்கு மேல் கொடுத்தால் குடல் முழுசாக எடுத்துக்கொள்ளாது. காலையில் விட்டுப்போனதைச் சேர்த்து ராத்திரி இரண்டாகக் கொடுப்பதில் பெரிய லாபமில்லை, மலச்சிக்கல்தான் கூடும்.

இனி அந்த மோதல். சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. இரும்பு குடலில் மெத்தில்டோபாவைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் சேரும் மெத்தில்டோபா பாதிக்கும் மேல் குறைந்துவிடும். இரும்பு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மெத்தில்டோபா போட்டால்கூட இழப்பு முழுசாகப் போவதில்லை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் ஒரு மோதல் உண்டு. ஒன்றாகப் போனால் இரும்பு ஒழுங்காகச் சேராது. டீ, காபியும் இரும்பைத் தடுக்கும்.

வீட்டில் நடப்பது என்ன? இரும்பு மாத்திரை குமட்டும் என்று ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். கால்சியம் சாப்பாட்டோடு என்றார்களே என்று அதையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைப்பார்கள். மெத்தில்டோபாவின் மூன்றாவது வேளையும் ராத்திரிதான். சாப்பிட்டுக் கை கழுவியதும் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்தால், காலையில் பிரஷர் ஏறியிருக்கும், ரத்தமும் ஊறாது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கேட்கவில்லை என்று டோசைக் கூட்டுவார்கள். மாத்திரை கேட்காததல்ல, மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேரவே இல்லை.

இதற்கு ஒரு நேரக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். மெத்தில்டோபா காலை 6, மதியம் 2, இரவு 10 என்று எட்டு மணி நேர இடைவெளி. கால்சியம் ஒன்று காலைச் சாப்பாட்டோடு எட்டு, எட்டரைக்கு. இன்னொன்று இரவுச் சாப்பாட்டோடு எட்டு, எட்டரைக்கு. சிவப்பு மாத்திரை சாயங்காலம் ஐந்தரைக்கு. மதிய மெத்தில்டோபா போட்டு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், இரவு வேளைக்கு நாலரை மணி நேரம் இருக்கும், ராத்திரிக் கால்சியத்துக்கும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இடைவெளி. டீ குடிக்கிறவள் என்றால் நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளட்டும். மாத்திரையோடு அரை எலுமிச்சம்பழத்தை உப்புப் போடாமல் தண்ணீரில் பிழிந்தோ, ஒரு கொய்யாப் பழமோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு வாய் அவலோ பொரியோ தின்றுவிட்டுப் போடலாம். பால் மட்டும் வேண்டாம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போய் இரண்டு சிவப்பு மாத்திரை எழுதினால் இன்னொன்றைக் காலை 11க்கு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையும் இருந்தால் அதற்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதை விடிகாலையில் மெத்தில்டோபாவோடு முடித்துக்கொண்டு, காலைக் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு நகர்த்துவது எளிது.

மெத்தில்டோபாவுக்குப் பதிலாக லேபெட்டலாலோ நிபெடிபினோ எழுதினால் இரும்போடு இந்தச் சண்டை கிடையாது. ஆனாலும் இரும்பையும் கால்சியத்தையும் பிரித்தே கொடுங்கள். நிபெடிபின் நீடித்து வேலை செய்யும் வகையாக இருந்தால் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். பிரஷர் திடீரென்று ஏறிவிட்டது என்று வீட்டிலேயே நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். சில வீடுகளில் அப்பாவின் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகையெல்லாம் வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு நல்ல மருந்து, கர்ப்பிணிக்கு ஆகாது.

தாய் வீட்டுக்கு வருகிறபோது ஊர் மாறுகிறது, டாக்டர் மாறுகிறார், மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கோவையில் எழுதியது ஒரு பையில், இங்கே கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்தது இன்னொரு பையில், அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த இரும்பு டானிக் அலமாரியில். இன்று சாயங்காலமே எல்லா அட்டையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயரும் நிறமும் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்கும். கோவை கேப்சூலில் இரும்பு இருந்தால் அதுவும் மெத்தில்டோபாவோடு மோதும். சிவப்பு மாத்திரையும் கேப்சூலும் டானிக்கும் சேர்ந்து மூன்று வழியில் இரும்பு போனால் வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் மிஞ்சும், அவளே வெறுத்துப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள். எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதை அம்பாசமுத்திரத்தில் பார்க்கும் டாக்டரிடம் தாம்பாளத்தில் இருந்ததை எல்லாம் அப்படியே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். பெயரை வாயால் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். மலம் கறுப்பாகப் போவது இரும்பாலும், சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போவது பி வைட்டமினாலும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

ஹீமோகுளோபின் பற்றி ஒரு எச்சரிக்கை. போன மாதம் 9.5 இருந்தது இப்போது 12.5 ஆகிவிட்டது, டானிக் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். ப்ரீஎக்ளாம்ப்சியாவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிந்து வெளியே போவதால் ரத்தம் கெட்டியாகி எண் ஏறும். பிரஷரும் வீக்கமும் கூடும்போது ஹீமோகுளோபினும் சேர்ந்து ஏறினால் அது நல்ல சேதி அல்ல.

வைட்டமின் டி பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் 60,000 யூனிட். அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல் வரும், பிரஷரே கூட ஏறும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். வெயிலுக்குக் குறைச்சலே இல்லாத ஊரில் எப்படி வைட்டமின் டி குறையும் என்று கேட்பார்கள். விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண் மேல் வெயில் எங்கே படுகிறது? குறை இருந்தால் அதைச் சரி செய்வது எலும்புக்கும் குழந்தைக்கும் நல்லது. ஆனால் ப்ரீஎக்ளாம்ப்சியாவைத் தடுப்பதற்கென்று வைட்டமின் டி கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

போலிக் அமிலம் அதிகம் கொடுத்தால் பிரஷர் வராது என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆபத்து கூடிய சுமார் 2400 பெண்களுக்கு தினம் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. அதில் ப்ரீஎக்ளாம்ப்சியா மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.8 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 13.5 சதவீதம். ஒன்றும் குறையவில்லை. சிவப்பு மாத்திரையில் இருப்பது போதும். சுத்த சைவக் குடும்பம் என்றால் போலிக் அமிலத்தைவிட பி12ஐத்தான் பார்க்க வேண்டும். அது செடியில் கிடையாது. பாலும் தயிரும் ஒழுங்காகச் சேராத சைவ வீடுகளில் குறைவது சகஜம். பிரஷருக்காக அல்ல, ரத்தத்துக்காகவும் நரம்புக்காகவும் ஒரு தடவை பார்த்துவிடலாம். மீன் எண்ணெய்க் கேப்சூல் குறைப்பிரசவத்தைக் கொஞ்சம் குறைக்கும், ப்ரீஎக்ளாம்ப்சியாவைக் குறைப்பதாக நிற்கவில்லை. மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ அதிகம், வேண்டாம். அர்ஜினின் (ஒரு வகை அமினோ அமிலம்) பொடிப் பொட்டலத்தை நம் பக்கம் நிறைய எழுதுகிறார்கள். 2011இல் மெக்சிகோவில் ஒரு ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. அந்த ஒன்றை வைத்து, விலை கூடிய பொட்டலத்துக்காகப் பாலையும் முட்டையையும் குறைக்கும் நிலைமை வீட்டில் வருமானால் பாலும் முட்டையுமே மேல்.

ஆஸ்பிரின் வைட்டமின் இல்லை. இருந்தாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தடுப்பு என்றால் மெய்யாகவே உதவும் மருந்து அதுதான். முந்தைய பிரசவத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை, இவர்களுக்கு 12ஆவது வாரத்தில் தொடங்கி தினம் இரவு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், நஞ்சு வேர்விடும் காலம் அதுதானே. 24 வாரத்தில், பிரஷர் வந்தபிறகு, நீங்களாக வாங்கித் தொடங்குவதில் அர்த்தமில்லை. கோவையில் முன்பே கொடுத்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக 36 வாரம் வரை போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கால்சியத்துக்கு நம் ஊர்ச் சமையலிலேயே வழி இருக்கிறது. கேப்பையில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம், முருங்கைக் கீரையில் 300க்கு மேல், பாலில் 120. உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல், கூட்டாஞ்சோற்றில் ஒரு கை முருங்கைக் கீரை, காலையில் கேப்பைக் கூழில் மோர். அசைவம் என்றால் முள்ளோடு மெல்லக்கூடிய சாளை மீன். சொதி தின்றால் பால் சேர்ந்த மாதிரிதானே என்று ஆச்சி சொல்வார்கள். தேங்காய்ப் பாலில் கால்சியம் சொற்பம்தான்.

உப்பே இல்லாமல் சமைக்க வேண்டும் என்பதில்லை. உப்பைக் குறைத்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா வராது என்பது நிரூபணமாகவில்லை. உப்பில்லாமல் கொடுத்தால் அவள் சாப்பிடாமல் விட்டுவிடுவாள், அது இன்னும் மோசம். வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய் ஆகியவற்றை விலக்கினால் போதும். உவரிப் பக்கத்து நெத்திலிக் கருவாட்டில் கால்சியம் இருக்கிறது என்று சொல்லி நிறையக் கொடுக்காதீர்கள், கூடவே வருவது உப்பு. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரையிலும், வாயுவுக்குக் குடிக்கும் நுரைப் பொடியிலும் சோடியம் கணிசமாக உண்டு. அவையும் இந்தக் கணக்கில்தான்.

இருமல், தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் போட்ட கஷாயம் கூடவே கூடாது. அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றிப் பிரஷரை ஏற்றும். கால் வீக்கத்துக்கு நெருஞ்சில் தண்ணீரும் பார்லி தண்ணீரும் கொடுத்து நீரைப் பிரிப்பது பழக்கம். பார்லி சும்மா குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வீக்கம் குழாயிலிருந்து கசிந்த நீர், குழாய்க்குள் ரத்தம் ஏற்கெனவே சுண்டிப்போயிருக்கிறது. இன்னும் நீரைப் பிழிந்து எடுத்தால் நஞ்சுக்குப் போகும் ரத்தம்தான் குறையும்.

வீட்டில் பிரஷர் பார்ப்பது நல்லது, மருந்து வேலை செய்கிறதா என்று உடனே தெரியும். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை மேல்கையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூட்டிக் காட்டும். படுத்துக்கொண்டு மேலே இருக்கும் கையில் எடுத்தால் குறைத்துக் காட்டும். காலை ஒன்று, இரவு ஒன்று, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கருவியில் அவளை ஒரு தடவை அளந்து உங்கள் கருவியோடு ஒத்துப் பாருங்கள். சில மின்கருவிகள் ப்ரீஎக்ளாம்ப்சியாவில் குறைத்துக் காட்டும்.

எந்த நேரத்திலும் 160/110ஐத் தொட்டால், அல்லது எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது போலவோ மங்கலாகவோ தெரிவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, குழந்தை அசைவு குறைவது, வயிறு கல்லாக இறுகி வலியோடு ரத்தப்போக்கு, இதில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே 108. இதில் நம் பக்கம் அடிக்கடி ஏமாந்து போவது நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வரும் வலி. வாயு என்று ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கொடுத்து ராத்திரியைக் கடத்திவிடுவார்கள். அது ஈரல் வீங்குவதாக இருக்கலாம். ஜன்னி (வலிப்பு) வந்துவிட்டால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை, கரண்டி எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் நேரம்தான் போகும். அந்த நேரத்தில் வேலை செய்வது மெக்னீசியம் சல்பேட் ஊசி. 2002இல் பத்தாயிரம் பெண்களிடம் செய்த ஆய்வில் ஜன்னி வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 10 கிராமை இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்தாக ஆழமாகப் போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஊசி வேண்டாம், நேரே ஹைகிரவுண்டுக்கு (பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) போகிறோம் என்று சண்டை போடாதீர்கள். சுகாதார நிலையத்திலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சேரும் வரை அவளைக் காப்பது அந்த ஊசிதான். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கும். ஊசிக்கு மெக்னீசியம் என்று பெயர் இருப்பதால் மெக்னீசியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துத் தடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது வேறு கதை.

மாத்திரையில் பிரஷர் அடங்கிவிட்டால் நாற்பது வாரம் வரை ஓட்டிவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். நோயின் வேர் நஞ்சில் இருப்பதால் பிரசவம்தான் தீர்வு. ப்ரீஎக்ளாம்ப்சியா ஆகிவிட்டால், தீவிரம் இல்லாவிட்டாலும் 37 வாரத்தில் பிரசவம் பார்ப்பார்கள். தீவிரமானால் 34லேயே, சில நேரம் அதற்கும் முன்னால். அதுவரை சிறுநீர்ப் புரதம், ரத்தத் தட்டணு, ஈரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன் ஆகியவற்றை டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் பாருங்கள்.

பிரசவமானதும் மாத்திரையெல்லாம் முடிந்தது என்று பையை எடுத்து வைத்துவிடுவது இன்னொரு தப்பு. பிரஷர் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் இன்னொரு தடவை உச்சத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்துவிட்ட நாட்கள் அவை. மெத்தில்டோபா மனச்சோர்வைத் தூண்டக்கூடும் என்பதால் பிரசவத்துக்குப் பின் அதை மாற்றி வேறு மருந்து தருவார்கள். கர்ப்பத்தில் ஆகாது என்ற எனலாப்ரிலையே பால் கொடுக்கும்போது எழுதினால் திகைக்க வேண்டாம், அப்போது அது ஆகும். மெத்தில்டோபா நின்றதும் சிவப்பு மாத்திரைக்கு நேரம் பார்க்கும் தொல்லை பாதி குறையும், ஆனால் மாத்திரை நிற்கக் கூடாது. இரும்பு 180 நாள், கால்சியம் ஆறு மாதம். உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வழக்கம்போல ஊற்றிக் கிண்டலாம். பிரசவ லேகியத்தில் மட்டும் அதிமதுரம் சேர்க்காமல் இடிக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி அட்டையில் 'கர்ப்ப காலத்தில் பிரஷர்' என்று தெளிவாக எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்தில் 12ஆவது வாரத்துக்குள் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் ஆஸ்பிரினையும் கால்சியத்தையும் சரியான நேரத்தில் தொடங்கலாம்.